நூற்று இருபத்து நான்கு நாள் இறங்காத பந்து

நவம்பர் பதினான்காம் தேதி மாலை ஐந்து நாற்பத்தொன்றுக்குத் தோ பாயோ விளையாட்டரங்கில் இளமதி உதைத்த பெனால்டி, நூற்று இருபத்து நான்கு நாள் கழித்துத்தான் கீழே வந்தது. தொழிற்கல்லூரிப் பெண்கள் லீக்கில் அவர்களுக்கு அது கடைசி ஆட்டம். அந்தப் பருவத்தில் இளமதியின் அணி ஆறு ஆட்டம் ஆடி நான்கில் வென்றிருந்தது. இதிலும் வென்றால் இறுதியாட்டத்துக்குப் போகலாம். கோலில்லாமல் முடிந்தால் எதிரணி போய்விடும். தொண்ணூறு நிமிடமும் தீர்ந்து அந்த ஒரு உதை மட்டும் பாக்கியிருந்தது. பந்து அவள் வலது காலை விட்டுக் கிளம்பி, கோல் கம்பத்துக்கு நான்கடி முன்னால் மேலே ஏறத் தொடங்கி, எதிரே இருக்கும் வீவக அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினேழாவது மாடி உயரத்தில் போய் நின்றுகொண்டது. நின்ற இடத்திலேயே லேசாகச் சுற்றியது. எல்லோரும் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு, ஆறரை மணிக்கு வேறொரு குழு திடலைப் பதிவு செய்திருந்ததால், பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

நடுவர் ஹனீன் வாரநாள் காலையில் பல் மருந்தகத்தில் தாதி. மாலையில் பத்தொன்பது ஆண்டாக விசில் ஊதி வருபவர். விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டிவிட்டு இரண்டு அணிப் பயிற்றுநர்களையும் கூப்பிட்டார். “பந்து கோட்டைத் தாண்டலை. கோல்கீப்பர் தொடலை. நானும் விசில் அடிக்கலை. அப்புறம் எப்படிங்க மேட்ச் முடியும்?” என்று கேட்டார். ஆகவே தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறுவரை ஆட்டம் தொடரும், உதைத்தவளும் கோல்கீப்பரும் வந்தால் போதும், மற்ற இருபது பேரும் வீட்டில் இருக்கலாம் என்று முடிவாயிற்று. அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர வேறு நேரத்தில் பந்து இறங்காது என்றும் ஹனீன் சொன்னார். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அப்படியேதான் நடந்தது.

ஊர் இதற்கு நான்கே நாளில் பழகிக்கொண்டது. வேலியில் நான்கு மொழியிலும் எச்சரிக்கைப் பலகை தொங்கியது. உணவங்காடி மேசையில் இடம் பிடிப்பதைப்போல, பெனால்டி புள்ளியில் யாரோ ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார்கள். அதன்பிறகு பள்ளி ஓட்டப்பந்தயக்காரர்கள், மூத்தோர் உடற்பயிற்சிக் குழு என்று எத்தனையோ பேர் அந்தத் திடலில் வந்துபோனாலும் ஒருவர்கூட அந்தப் புள்ளியை மிதிக்கவில்லை. மழையில் பாக்கெட் ஊறிவிட்டால் மறுநாள் புதியது வந்துவிடும். பதினேழாவது மாடியில் அழகர்சாமி என்ற ஓய்வுபெற்ற நில அளவையாளர் இருந்தார். ஜன்னல் கண்ணாடியில் பந்து தெரியும் இடத்தில் ஒரு துண்டு நாடா ஒட்டி, தினமும் பல் தேய்த்துக்கொண்டே அதைச் சரிபார்த்தார். பந்து இம்மியும் நகரவில்லை. அதன்மேல் மைனாக்கள் உட்கார்ந்தன. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டு ஊழியர்கள் சிலர் அப்படியே பஸ் பிடித்து வந்து, பந்துக்குக் கீழே நின்று படமெடுத்து ஊருக்கு அனுப்பினார்கள்.

முதல் மாதம் இளமதி நிம்மதியாக இருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பெனால்டி அவள் அடிக்க வேண்டியதே இல்லை. ஹனீன் பந்தைக் கொடுத்தது அணித்தலைவி தாரணியின் கையில். அந்தப் பருவத்தில் அணி போட்ட பதினொரு கோலில் எட்டு தாரணியுடையவை. இளமதி ஓடிப்போய், “உனக்கு முட்டி வலிக்குதுல்ல, நான் அடிக்கிறேன், குடு” என்று பந்தை வாங்கிக்கொண்டாள். முட்டி வலிக்கிறது என்று தாரணி அன்றைக்குச் சொல்லவே இல்லை. இரண்டு ஆண்டாக அவளுக்குப் பந்தைக் கடத்திக் கொடுத்து, எல்லோரும் அவளைத் தூக்கிச் சுற்றும்போது ஓரமாக நின்று கைதட்டியவள் இளமதி. இந்த ஒரு கோல் மட்டும் தாரணியுடையதாக இருந்துவிடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அணி ஜெயிப்பதைவிட அது பெரிதாகத் தெரிந்தது, ஒரு மூன்று வினாடி. பந்து உள்ளே போயிருந்தால் தைரியசாலி. போகாமலிருந்தால் அணியைக் கெடுத்தவள். மேலேயே நின்றதால் அவள் இன்னும் எதுவும் ஆகவில்லை. அன்றிரவே தாரணி, ‘பரவால்ல லா, யார் அடிச்சிருந்தாலும் இப்படித்தான்’ என்று செய்தி அனுப்பினாள். அதன்பிறகு திடல் பக்கம் வரவில்லை. தான் எதற்காகப் பந்தை வாங்கினோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் வரவில்லை என்று இளமதி எடுத்துக்கொண்டாள்.

எதிரணியின் கோல்கீப்பர் அமலா பொங்கோலிலிருந்து ரயில் மாறி வந்தாள். கோல் கோட்டில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு, கையுறையைக் கழற்றாமலேயே பாடப் புத்தகம் படிப்பாள். மழைக்காலம் என்பதால் வாரத்தில் மூன்று நாளாவது மின்னல் எச்சரிக்கை ஒலிக்கும். இளமதி, அமலா, ஹனீன் மூவரும் கூரைக்கு அடியில் ஓடி உட்காருவார்கள்.

“கொஞ்சம் கீழ அடிச்சிருக்கலாம்லா நீ. நான் பாட்டுக்குப் புடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்” என்றாள் அமலா.

“புடிச்சிருவியாக்கும்.”

“உன் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருந்துச்சு, என் வலது பக்கம்தான் அடிப்பேன்னு.”

“மேட்ச் நடக்கும்போது ரெண்டு பேரும் பேசக் கூடாது” என்றார் ஹனீன்.

“இது மின்னல் பிரேக்தானே, ரெஃப்?”

ஹனீன் கொஞ்சம் யோசித்தார். “அப்ப சரி, பேசுங்க” என்று தம் கடலைப் பொட்டலத்தை அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

டிசம்பர் விடுமுறை போனது, பொங்கல் போனது, சீனப் புத்தாண்டும் போனது. இறுதியாட்டத்துக்கு முதலிலேயே தேர்வாகியிருந்த அணியில் இரண்டு பெண்கள் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டார்கள். இளமதியின் அம்மா சிவகாமசுந்தரி சிராங்கூன் சாலை வழியாக மாடி பஸ் ஓட்டுபவர். மேல்தளத்தின் முன் இருக்கையிலிருந்து பந்து நன்றாகத் தெரியும் என்று ஆட்கள் அதற்காகவே ஏறினார்கள். ஏறும்போதே, உங்க பொண்ணு அடிச்சது எப்ப இறங்கும் என்று கேட்பார்கள். “பெரியவங்களே அதைக் கேக்கலாமா? கார்டைத் தட்டிட்டு உள்ள போங்க” என்பார். வீட்டில் அவர் எதுவும் கேட்டதில்லை. தைப்பூசத்தன்று மட்டும், சாலையில் காவடிகளுக்கு வழிவிட்டு பஸ்ஸை நிறுத்தியிருந்தபோது மகளுக்கு ஃபோன் செய்தார். “உள்ள போவுதோ வெளிய போவுதோ, இறங்கட்டும்னு வேண்டிக்கிட்டேன்மா” என்றார். இளமதி திடலில் நின்று அதைக் கேட்டாள். தலைக்கு மேல் பார்த்தாள். தானும் சில நாளாக அதையேதான் வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. எதுவும் ஆகாமல் இருப்பது அவளுக்கு அலுத்துவிட்டிருந்தது. பல் வலிக்காரர்கள், பிடுங்கினாலும் சரி, முதலில் எங்கள் பெயரைக் கூப்பிடுங்கள் என்பார்களாம். ஹனீன் ஒருநாள் அதைச் சொன்னபோது அவள் மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் ஐந்தாம் தேதி இரவு, திடல் விளக்கொளியில், பந்து தம் நாடாவுக்குக் கட்டைவிரல் அகலம் கீழே இருப்பதை அழகர்சாமி பார்த்தார். வாய் கொப்பளித்துவிட்டு ஹனீனைக் கூப்பிட்டுச் சொன்னார். அதிலிருந்து பந்து தினமும் ஐந்து மணிக்கு இறங்கத் தொடங்கி ஆறு மணிக்கு நின்றது. பதினேழாம் தேதி இரண்டாவது மாடி உயரத்துக்கு வந்துவிட்டது. பதினெட்டாம் தேதி மாலை இரண்டு அணியும் சீருடையில் வந்தன, இறுதிக்குக் காத்திருந்த அணியிலிருந்து வேலைக்குப் போன பெண்களும் விடுப்பெடுத்துப் பார்க்க வந்தார்கள், வேலிக்கு வெளியே முந்நூறு பேர் குடையோடு நின்றார்கள். விதிப்படி எல்லோரும் பெனால்டி கட்டத்துக்கு வெளியே நிற்க, தாரணி வந்து இளமதியின் பக்கத்தில் நின்றாள். பந்து லிஃப்ட் இறங்குவதைப்போல இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிடம் ஆகும் போலிருந்தது. முடிவு தெரிந்த பிறகு சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும் என்று இளமதிக்குப் பட்டது.

“உனக்கு முட்டி வலிக்கலைன்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

தாரணி பந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என் முட்டி, எனக்குத் தெரியாதா?”

“நீ போட்டுடக் கூடாதுன்னுதான் வாங்கினேன்.”

“ம்.”

“ம்னா? திட்டு.”

“என்னத்தத் திட்டறது? எனக்குக் கால் நடுங்குச்சுடி. யாராச்சும் வந்து வாங்கிக்க மாட்டாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ வந்த. குடுத்துட்டேன்.” அவள் குரல் தாழ்ந்தது. “நீ இங்க தினம் வந்து நிக்கறது எனக்குப் பதிலாத்தானே. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது, சொல்லு?”

நான்கு மாதம் தாரணியின் முகத்தில் தான் எதையெல்லாம் எழுதிப் படித்தோம் என்று இளமதி நினைத்துப் பார்த்தாள். அதில் ஒரு வரிகூடத் தாரணியுடையது இல்லை. மூக்கில் நீர் வந்தது. “டிஷ்யூ இருக்கா?” என்றாள். தாரணி பெனால்டி புள்ளியைக் கண்ணால் காட்டினாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஹனீன் திரும்பி முறைத்தார்.

உண்மையைச் சொன்னதால்தான் பந்து இறங்கியது என்று பின்னால் சிலர் கதை கட்டினார்கள். அது தவறு. பந்து பதின்மூன்று நாள் முன்பே இறங்கத் தொடங்கிவிட்டதற்கு அழகர்சாமியின் நாடா சாட்சி. ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பந்து தலையுயரத்துக்கு வந்து, நவம்பரில் விட்ட வேகத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, அமலாவின் வலது பக்கம் பாய்ந்தது. அமலா முக்காலியைத் தள்ளிவிட்டு விழுந்து அதை மார்போடு பிடித்தாள். ஹனீன் நீளமாக விசில் ஊதினார். ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது, எதிரணி இறுதிக்குப் போனது, இளமதியின் பருவம் அதோடு தீர்ந்தது. தான் அணியைக் கெடுத்தவள்தான் என்று அவள் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அது தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. அமலாவின் கையைக் குலுக்கியபோது, “சொன்னேன்லா” என்றாள் அமலா. அன்று மாலை இரண்டு அணியும் தேக்கா உணவங்காடியில் ஒன்பது மேசைகளைச் சேர்த்துப்போட்டு பிராட்டா ரொட்டி சாப்பிட்டன. இளமதி ஆறு சாப்பிட்டாள்.

ஆட்ட அறிக்கையில் ஹனீன் தேதியையும் நேரத்தையும் எழுதிவிட்டு, குறிப்பு என்ற இடத்தில் ‘ஏதுமில்லை’ என்று எழுதினார். பந்து இளமதியின் கல்லூரியுடையது என்பதால் அவர்களிடமே திரும்பி வந்தது. அடுத்த புதன்கிழமைப் பயிற்சியில் அதையே எடுத்தார்கள். ஒரு பக்கம் வெயிலில் வெளுத்து, காற்றுக் கொஞ்சம் குறைந்திருந்தது. பம்ப் அடித்ததும் சரியாகிவிட்டது. இளமதி உதைத்த முதல் உதையில் அது கம்பத்துக்கு மேலே பறந்து, வேலியைத் தாண்டி, அந்தப் பக்கம் இருந்த கால்வாயில் உடனே விழுந்தது. சத்தம் கேட்டது. “உன் பந்து, நீயே போ” என்றாள் தாரணி. இளமதி சுற்றிக்கொண்டு ஓடிப்போய் எடுத்து வந்தாள்.