நத்தத்துக் கருப்பு

சகாயசெல்வியின் ஐந்து வருட உழைப்பு இரண்டே வாக்கியத்தில் அடங்கிவிடும். கீரனூர்ப் பக்கம் அந்தப் பூச்சி கருப்பு. நத்தம் பக்கம் அதே பூச்சி சிவப்பு.

பருத்திக் காய்ப்புழுவை ஊசி மூக்கால் ஒரே குத்தில் சாய்த்து, உறிஞ்சி, சக்கையாகப் போட்டுவிட்டுப் போகும் கொலைகாரப் பூச்சி அது. தம்பிடி கூலி கேட்காமல் வேலை பார்க்கிறது. அதனாலேயே எவனும் அதை மதித்ததில்லை. மதித்திருந்தால் தொண்ணூற்று மூன்றில் அவளுடைய அப்பா சிலுவைமுத்து மருந்துத் தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு எதிர்காற்றில் நின்றிருக்க மாட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உதடும் நகமும் கறுத்து, போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த ஆத்திரத்தில்தான் செல்வி இந்த ஆராய்ச்சியில் இறங்கினாள். திண்டுக்கல்லில் கல்லூரி வேலை. விடுமுறை நாட்களில் கீரனூருக்குப் போய் அவளே கல்லைப் புரட்டினாள். நத்தத்துக்கு அம்மா செபாஸ்தியம்மாள் இருந்தாள். வரப்பிலும் மாந்தோப்பிலும் பிடித்து, தீப்பெட்டிக்குள் போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவாள். இருநூற்றுப் பத்துப் பெட்டி வந்திருந்தது. அத்தனையும் சிவப்பு.

“நிறமும் பிரிஞ்சு இடமும் பிரிஞ்சிருக்கு. நத்தத்துச் சிவப்பைத் தனி இனம்னு துணிஞ்சு எழுதலாம்மா” என்றார் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர்.

புது இனத்துக்குப் பெயர் வைக்கிற உரிமை கண்டுபிடித்தவருக்கு. செல்வி அப்பாவின் பெயரைத்தான் வைத்திருந்தாள். திங்கட்கிழமை கட்டுரையைத் தபாலில் சேர்த்தால் போதும்.

ஞாயிறு நத்தத்துக்கு வந்து, பூசை முடிந்து வந்த அம்மாவிடம் அதைச் சொன்னாள்.

“அவுக பேரு பொஸ்தகத்துல ஏறுமா?”

“உலகம் பூரா ஏறும்மா.”

செபாஸ்தியம்மாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். “வா தாயி, காட்டுக்குப் போயி அதுகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வருவோம்” என்றாள்.

வரப்போரம் அம்மா முதல் கல்லைப் புரட்டினாள். அடியில் ஒரு பூச்சி. அட்டக் கருப்பு.

அம்மா அதைப் பிடிக்கவில்லை. ஆமணக்கு இலையால் மெல்லத் தள்ளி நிழலில் விட்டாள்.

“அம்மா, அது கருப்பு.”

“ஆமா. மருந்து பட்ட உசுரு. பக்கத்துத் தோட்டத்துல அடிக்கிறாகல்ல? உங்கப்பா மாதிரியே கறுத்துப் போச்சு பாரு. அதைப் போயி பெட்டிக்குள்ள அடைக்கவா? நிம்மதியா மண்ணுல கெடந்து போகட்டும்னு விட்ருவேன்.”

“எம்புட்டு நாளா விடுற?”

“மொதல்ல இருந்தேதான்.”

“நெறைய இருக்குமா?”

“பாதிக்குப் பாதி.” அம்மா குரலைத் தாழ்த்தினாள். “சில நாளு செகப்பும் கருப்புமா ஜோடி சேந்து கெடக்கும். அப்ப செகப்பையும் தொட மாட்டேன். பிரிக்க எனக்கு மனசு வருமா, சொல்லு.”

ஜோடி சேர்கின்றன என்றால் இரண்டும் ஒன்றுதான். தீர விசாரிப்பதே மெய் என்று வகுப்பில் வாய் கிழியச் சொல்பவள், பெட்டிக்குள் போடாமல் விட்டது எது என்று பெற்றவளை ஐந்து வருடத்தில் ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படித்த திமிர், வேறென்ன.

இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். கல்லை மூடிவிட்டு வீட்டுக்குப் போனால் நாளைக்குத் தபால் போய்விடும். அப்பாவின் பெயர் நிலைத்துவிடும். அந்த நினைப்பு வந்ததற்காக அவளுக்கே அவள்மேல் வெறுப்பு வந்தது. ஆனாலும் கை கல்லின் பக்கம்தான் போனது.

“அம்மா, அது மருந்து பட்டதில்ல. பொறப்பே கருப்பு. நல்லாத்தான் இருக்கு.”

“நெசமாவா? இதுகளுக்கு ஒண்ணும் ஆகலையா?”

“ஒண்ணும் ஆகலை.”

செபாஸ்தியம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். “ஒவ்வொண்ணுக்கும் செபம் சொல்லிக்கிட்டுல்ல இருந்தேன்” என்று சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் இறங்கியது. கொஞ்சம் கழித்து, “அப்ப அவுக பேரு?” என்றாள்.

“வைக்க முடியாதும்மா. ரெண்டும் ஒரே இனம். புதுசு ஒண்ணுமில்ல.”

அம்மா நிழலில் கிடந்த கருப்பை முந்தானை நுனியால் பிடித்து, இடுப்பிலிருந்த தீப்பெட்டிக்குள் போட்டு நீட்டினாள். “இந்தா, இதையும் எழுதிக்க.”

செல்வி பெட்டியின் மேல் எழுதினாள்: நத்தம். கருப்பு. பிடித்தவர் செபாஸ்தியம்மாள்.

“என்ன எழுதியிருக்க?”

படித்துக் காட்டினாள்.

“வெறும் பேரை எழுதுனா எந்தச் செபாஸ்தியம்மான்னு எவனுக்குத் தெரியும்? சிலுவைமுத்து பொஞ்சாதின்னு சேத்து எழுது.”

தீப்பெட்டியில் இடம் போதவில்லை. செல்வி எழுத்தைப் பொடியாக்கி, ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.