சின்ன வட்டின் முதல் குமிழி

சித்தி கூட்டித் துடைக்கும் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் கொதிக்கும். ஒருவருக்கும் ஒரு வாய் டீ கிடைக்காது. கண்ணாடித் தொட்டியின் அடியில் ஓர் உலோக வட்டு, அதுதான் அடுப்பு. மாற்றி மாற்றிப் பொருத்தத் தாமிரத்தில் மூன்று, எஃகில் மூன்று, பெரிதும் சிறிதுமாக. எந்த வட்டு எத்தனை டிகிரி சூடேறியதும் அதில் முதல் குமிழி கிளம்புகிறது என்று பார்த்து எழுதுவது ஆராய்ச்சிக்காரப் பெண்ணின் வேலை. நாலு வருஷமாக இதே பாடு. வட்டு சின்னதானால் குமிழி அடம்பிடிக்கும், கூடுதல் சூடு கேட்கும் என்பது சித்திக்கே தெரியும்.

அன்று சின்னத் தாமிர வட்டில் நூற்றுப் பதினெட்டில் கிளம்ப வேண்டிய குமிழி நூற்றொன்பதிலேயே கிளம்பிவிட்டது. மூன்று முறை பார்த்தும் அதேதான்.

"போச்சு. வெப்பமானி கெட்டிருக்கு. எல்லாத்தையும் பிரிச்சு மாட்டணும்" என்று அந்தப் பெண் மேசையில் தலை சாய்த்தாள்.

சித்தியின் கையில் துடைப்பம் நின்றது. போன வெள்ளிக்கிழமை அந்த வட்டு தட்டில் கறுத்துக் கிடந்தது. பாவமே என்று கம்பி நாரால் தேய்த்து வைத்தது அவள்தான். சாமானைத் தொட்டால் வேலை போகும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். வீட்டில் சித்தப்பா இடுப்பொடிந்து படுத்து ஆறு மாதம். வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். அப்புறம் திரும்பினாள்.

"கண்ணு, மிஷினைப் பிரிக்காதே. நான்தான் அதைக் கம்பி நாரு போட்டுத் தேய்ச்சேன்."

பெண் லென்ஸை வைத்துத் தொட்டிக்குள் பார்த்தாள். "மெழுகு மாதிரி வழவழன்னு இருந்துச்சேம்மா! இப்ப முழுக்கக் கீறல். கீறல்ல ஒளிஞ்சிருக்கிற காத்துலேர்ந்துதான் குமிழியே கிளம்பும்." கோபப்படத் தெம்பில்லாமல் சிரித்தாள்.

"சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடாதேம்மா."

"சொல்லத்தான் போறேன், நீங்க எனக்கு வேணும்னு. ஆறு வட்டையும் ஒரே மாதிரி தேய்க்கணும். கீறல் ஒண்ணா இருந்தாத்தான் அளவு என்ன பண்ணுது, உலோகம் என்ன பண்ணுதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியும். எத்தனை தடவை தேய்ச்சீங்க?"

"அதை யாரு எண்ணினா?"

"இனிமே எண்ணணும்."

எஃகு வட்டு லேசில் மசியவில்லை. சாயங்காலம் சித்தி வீங்கிய விரல்களோடு வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்தாள்.

"வேலை இருக்கா?" என்றார் சித்தப்பா படுத்தபடியே, அவள் முகத்தைப் பார்த்து.

"போயிடும்னு பயந்தேன். கூடிப்போச்சு" என்றாள், கண்ணைத் திறக்காமல்.