ஐந்தாம் தேதிக் கிழவி

காலையில் எழுந்து டொம்னிகா ஜன்னல் திரையை விலக்கினாள். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. சுத்தமான பனியும் இல்லை; பாதி மழை, பாதி பனி, கூடவே காற்று. எதிர்வீட்டுக் கூரையில் கண் மாதிரி இருக்கும் இரண்டு ஜன்னல்களும் அரைத் தூக்கத்தில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. நேற்றுவரை நான்கு நாளும் வெயில் காய்ந்த ஊர் இது. இன்றைக்குப் பார்த்து, அவளுடைய நாளில், இந்தக் கூத்து.

மார்ச் ஒன்று முதல் ஒன்பது வரை கிழவி நாட்கள். வயது பதினாறோ அறுபதோ, ருமேனியப் பெண் ஒவ்வொருத்தியும் அதில் ஒரு நாளைத் தனக்கென்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவாள். அன்று வெயில் அடித்தால் அந்த வருஷம் அவளுக்கு நல்லபடி போகும். பனி கொட்டினால் வருஷம் முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். சொன்ன நாளை மாற்றக் கூடாது, மாற்றினால் அக்கம்பக்கம் சும்மா விடாது. எல்லாரும் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே நம்பவும் செய்வார்கள்.

டொம்னிகாவுக்கு ஐந்தாம் தேதி. இந்தத் தடவை அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவள் வாயாடிகளின் ஊரான கலாட்ஸ்காரியே இல்லையே. இந்தச் சிபியுவுக்குக் கிளம்புவதற்கு முன் தன் குடியிருப்பில் மேல்மாடி முதல் கீழ்மாடி வரை நின்று நின்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்: ஐந்தாம் தேதி வெயில் அடித்தால் சிபியுவில் செப்டிமியுவோடேயே இருந்துவிடுவேன், பனி விழுந்தால் மறுநாள் ரயிலேறி வந்துவிடுவேன். இதையே செப்டிமியுவிடமும் போனில் சொன்னாள். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் நினைத்தபோது, "சரி" என்று வந்தது.

அவர் அப்படித்தான். சிபியுவிலிருந்து மலைக்குப் போகும் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பேருந்திலிருந்து இறங்கி, காட்டில் காளான் பறித்துவிட்டு, அடுத்த வளைவில் அதே பேருந்தில் ஏறிக்கொள்ளலாம் என்று ஊரில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். முழங்கால் வலிக்குச் சேறு பூசிக்கொள்ளும் வெந்நீர் ஊற்று ஊரில் இருவருக்கும் பழக்கம். அவர் மனைவியை இழந்தவர். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தே பிள்ளையை ஆளாக்கிய விதவை. அதன் பிறகு ஞாயிறுதோறும் போன். "இங்க வந்து இருங்களேன்" என்ற மூன்று வார்த்தைக்கு அவர் ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டார். அதையும் உப்பு விலை கேட்கிற குரலில்தான் சொன்னார்.

அவள் வந்து இறங்கிய மறுநாள் மார்ச் ஒன்று, வசந்தம் வந்ததென்று பெண்களுக்கு நூல் பதக்கம் கொடுக்கும் நாள். அவர் ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலில் விரல்நுனி அளவு வெள்ளியில் புகைபோக்கி துடைப்பவன், கையில் ஏணியோடு; அதிர்ஷ்டம் தருபவனாம். அவள் அதை அங்கேயே மேலாடையில் குத்திக்கொண்டு, பதிலுக்குத் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். அதே சிவப்பு வெள்ளை நூல், அதில் அவளே சாயம் பூசிய ஒரு மரப் பேருந்து. கலாட்ஸில் பெண்கள் ஆண்களுக்கும் கொடுப்பார்கள், அவர்களும் கோட்டில் குத்திக்கொண்டு அலைவார்கள். சிபியுவில் ஆண்கள் கொடுப்பதோடு சரி, வாங்கும் பழக்கம் கிடையாது. செப்டிமியு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றி சொன்னார். சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அதன்பின் அது அவள் கண்ணில் படவேயில்லை.

அவளுக்கு அது முள்ளாகத்தான் குத்தியது. மற்றபடி நான்கு நாளும் குறைசொல்ல ஒன்றுமில்லை. கூரை விளிம்பெல்லாம் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. சந்தையில் பனித்துளிப் பூவைக் கட்டுக்கட்டாய் விற்றார்கள். காலையில் அவர் பன்றிக் கொழுப்பும் வெங்காயமும் அரிந்து வைப்பார், அவள் சூப் கொதிக்க வைப்பாள். அவர் அடுப்படியில் உப்பு இருந்த இடத்தை அவள் மாற்றினாள். அவர் ஒன்றும் சொல்லாமல் புது இடத்தில் தேடக் கற்றுக்கொண்டார். மத்தியானம் முற்றத்தில் பெஞ்சு போட்டு இருவரும் முழங்காலை வெயிலில் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். இந்த வீடு தனக்குப் பிடித்துப்போய்விட்டது என்று டொம்னிகாவுக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. இந்த மனிதரை அதற்கு வெகு முன்பே பிடித்திருந்தது. ஐந்தாம் தேதி வெயில் மட்டும் வந்துவிட வேண்டும் என்று ராத்திரி போர்வைக்குள் வேண்டிக்கொண்டாள்.

வந்தது இந்தக் கண்றாவி. போதாக்குறைக்கு கலாட்ஸிலிருந்து பக்கத்து வீட்டு அக்லயா போன் பண்ணினாள். அவள் பேசினால் போனே தேவையில்லை, டானூப் நதிக்கு அக்கரை வரை கேட்கும்.

"என்னடி, அங்க எப்படி?"

"கொட்டுது."

"இங்க கண்ணு கூசுதுடி. உன் வெயில் உன்னத் தேடிக்கிட்டு இங்க வந்து நிக்குது பாரு. பால்கனிச் செடிக்கெல்லாம் தண்ணி ஊத்திட்டேன். வந்துருவேல்ல?"

வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு டொம்னிகா போனை வைத்தாள். மேசைக்கு எதிரே செப்டிமியு ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தார். எல்லாமே அவர் காதில் விழுந்திருக்கும்.

"அப்ப நாளைக்கு ரயிலு" என்றாள்.

"அப்படித்தான் சொல்லியிருந்தீங்க" என்றார் அவர். இன்னொரு துண்டு அறுத்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகாதீங்க என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால், பனியாவது கிழவியாவது என்று எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுவாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்த மனிதருக்குப் பஞ்சம். இருக்கிறேன் என்று அவளாக எப்படிச் சொல்வது? ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று, சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, துணிகளை மடித்து வைத்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வாசற்படியில் வந்து நின்றார். இன்று மேல் ஊருக்குப் போய்ப் பாப்பனாஷ் பணியாரம் சாப்பிடுவதாகப் பேசியிருந்தோமே, போகலாமா என்று கேட்டார். இந்தப் பனியில் முழங்காலை வைத்துக்கொண்டா என்று அவள் கேட்டாள். பேசியது பேசியதுதானே என்றார். அவள் சொன்ன சொல்லுக்கு அவள் நிற்கிறாள், அவர் சொன்ன சொல்லுக்கு அவர் நிற்கிறார். அதற்கு மேல் என்ன பேசுவது? கிளம்பினாள்.

கீழ் ஊரிலிருந்து மேல் ஊருக்கு மதிலோரப் படிகளில் ஏறினார்கள். படியெல்லாம் சொதசொதவென்றிருந்தது. அவர் ஒரு படிக்கு ஒரு தடவை நின்று அவளுக்குக் கை கொடுத்தார். பொய்யர் பாலத்துக்கு வந்தபோது அவர், "வருத்தமா இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன வருத்தம்? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"பாலத்து மேல நின்னுக்கிட்டுச் சொல்லாதீங்க. இடிஞ்சு விழுந்துரும்னு சொல்லுவாங்க. தாண்டி வந்து சொல்லுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் இருப்பவளைச் சிரிக்க வைத்ததற்கு இன்னும் கோபம் வந்தது.

அவர் வழக்கமாய்ப் போகும் கடை சதுக்கத்தின் மூலையில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்கள் நான்கைந்து பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கதவருகே செப்டிமியு நின்றார். கையுறையைக் கழற்றினார். கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாய் அவிழ்க்க ஆரம்பித்தார். பனி கொட்டுகிற இடத்தில் நின்று எவராவது கோட்டைத் திறப்பார்களா என்று அவள் வாயெடுக்கும்போதே பார்த்துவிட்டாள். உள்ளே, கோட்டின் உள்துணியில், இடது மார்புப் பக்கம் அந்த மரப் பேருந்து இருந்தது. வெள்ளை நூல் கம்பளிச் சட்டையில் உராய்ந்து சாம்பல் நிறமாகியிருந்தது. சிவப்பு நூலில் கம்பளிப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஒண்ணாந் தேதியிலிருந்தா?"

"ஆமா. வெளிய குத்தினா இவனுங்க சிரிப்பானுங்களேன்னு பாத்தேன்."

"இப்ப மட்டும் சிரிக்க மாட்டாங்களா?"

அவர் யோசித்தார். "சிரிப்பானுங்க" என்றார். விறைத்த விரல்களால் ஊசியைக் கழற்றி, பேருந்தை வெளியே கோட்டின் மேல் குத்திக்கொண்டு, கதவைத் திறந்தார்.

சிரித்தார்கள். சீட்டையெல்லாம் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அவரோடு அதே மலைப் பாதையில் ஓட்டிய இலாரியே, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரிட்டயர் ஆயும் பஸ்ஸு உன்ன விடலயாப்பா? நூல வேற கட்டிக்கிட்டு வந்திருக்கே. உனக்கும் கிழவி நாளு உண்டா? எந்தத் தேதி?" என்று கேட்டார்.

செப்டிமியு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி அதிலிருந்த பனியைத் தட்டினார். மேசையில் எல்லாரும் காத்திருந்தார்கள். அவருக்காகக் காத்திருந்து பழகியவர்கள்தான்.

"கிழவி நாளு இவங்களுக்கு" என்றார். "எனக்குக் கிழவன் நாளு. பன்னெண்டாம் தேதி."

ஒன்பதாம் தேதிக்கு அப்புறம் கிழவன் நாட்கள் வருவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதில் ஒரு நாளைத் தனக்கென்று எடுத்துக்கொண்ட ஆம்பளையை அந்த மேசையில் யாரும் பார்த்ததில்லை. செப்டிமியு டொம்னிகாவின் பக்கம் திரும்பினார். காது மடல் சிவந்திருந்தது, குளிரால் மட்டும் அல்ல.

"ஒரு வீட்டுல ரெண்டு பேரு இருக்கப்போறோம்னா, ஒருத்தர் நாள மட்டும் பாத்து எப்படி முடிவு பண்றது? என்னோடதயும் பாத்துருங்க. போகாதீங்க."

டொம்னிகா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மேலே ஜாமும் புளித்த பாலேடுமாய் பாப்பனாஷ் தட்டு வந்தது. அவர் பெரிய உருண்டையை அவள் பக்கம் தள்ளினார்.

"பன்னெண்டும் இப்படியே கொட்டினா?" என்று அவள் கேட்டாள்.

அவர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மென்றார். இலாரியே பொறுமை இழந்து மேசையை விரலால் தட்டினார். செப்டிமியு விழுங்கி முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

டொம்னிகா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். பால்கனிச் செடிகளை நீயே எடுத்து வைத்துக்கொள் என்று அக்லயாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, முள்கரண்டியைக் கையில் எடுத்தாள்.