இரண்டு பொத்தான்கள்

தன் தங்கை ஓடும் இருபத்தைந்து சுற்றுப் பந்தயத்துக்கு, சுற்றுக்கு ஒன்றாகத் தையல்காரர் மேசையில் பொத்தான் வைத்துக்கொண்டே வந்தார். இருபத்துமூன்று வைத்தாயிற்று, அவள் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். மீதி இரண்டும் கைக்குள் இருந்தபோது டிவியில் விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

"ஏங்க, என் நாத்தனார் ஓடுறத விட்டுட்டு சோப்பு நுரையக் காட்டுறானுங்களே! கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றாள் மனைவி.

"இரு, இப்ப வந்துரும்."

வந்தபோது பந்தயம் முடிந்திருந்தது. வென்றவள் மூச்சிரைக்கப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், திரையின் ஓரத்தில், யாரையோ ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். தொங்கிய கையில் அவர் தைத்துக் கொடுத்த பச்சைக் கைப்பட்டை தெரிந்தது. வர்ணனையாளர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

தையல்காரர் எழுந்து பாய்ந்தார். "அந்தப் பக்கம் காட்டுங்கடா!" பொத்தான்கள் உருண்டோட, டிவியை இரு கையாலும் பிடித்து உலுக்கினார்.

மறுபடியும் சோப்பு நுரைத்தது.