முழங்கையில் தேங்கிய பேச்சு

கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயார். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பொய் சொல்லுகிற வயதை நான் தாண்டியாயிற்று.

எங்கள் ஊரில், தோலில் மின்சாரம் பாய்ச்சிக் காதில்லாமலே கேட்கவைக்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. ரேஷன் கடைக்கு அடுத்த கட்டிடம். எனக்கு இரண்டு காதும் கேட்காது. ஆகவே ஆராய்ச்சிக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

காது கேட்காதது பெரிய தொந்தரவில்லை. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். என் மனைவி சுடலைவடிவு மட்டும் எதையும் அடுப்பைப் பார்த்துத்தான் சொல்வாள். சொல்லி முடித்துத் திரும்புவாள். நான் தலையாட்டிவிடுவேன். குடும்பம் அதில்தான் ஓடியது.

அன்று காலை அப்படி ஒன்றுக்குத் தலையாட்டினேன். அவள் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

எதற்குச் சம்மதித்தேன் என்று தெரியவில்லை. அவளிடமே கேட்டால் இத்தனை வருடத் தலையாட்டலும் வெளியே வந்துவிடும். நிலையத்துக்கு ஓடினேன்.

நடைவழி என்னைக் கண்டதும் வழக்கம்போல் நீண்டது. வாட்ச்மேன் அதற்கு முந்தின மாதம் ஒலிபெருக்கியாகிவிட்டார். வேலை போகவில்லை. வாசலிலேயே மாட்டியிருந்தார்கள். வணக்கம் வைத்தேன். கரகரத்திருப்பார்.

டாக்டர் எஸ்தர் பொற்கொடி என் முழங்கையில் தகட்டை ஒட்டிக் குமிழைத் திருகினார். சுரீரென்றது. பிறகு முழங்கைக்குக் கேட்க ஆரம்பித்தது. தவில் சத்தம். பந்திக்கு இலை போதுமா என்று யாரோ விசாரித்தார்கள். என் மாமனார். அவர் இறந்து வெகுகாலம். அது என் கல்யாணம்.

டாக்டர் வியக்கவில்லை. காது வாங்காத பேச்சையெல்லாம் தோல் வாங்கித் தேக்கி வைத்திருக்கிறது என்றார்.

“வரிசைப்படிதான் வரும், அண்ணாச்சி.”

“இன்னைக்குக் காலையில உள்ளது எப்ப வரும்?”

“நடுவுல ஒரு ஆயுசு கெடக்குல்லா.”

குறுக்கு வழி கேட்டேன். பழைய தோலில்தான் பழைய பேச்சு இருக்கும், புதுத் தோலில் புதுப் பேச்சு மட்டும் இருக்கும் என்று சொல்லி, என் உடம்பு முழுக்கத் தேடினார். கட்டைவிரலில் கிடைத்தது. வடிகஞ்சி கொட்டி வெந்து, அப்போதுதான் மூடியிருந்த தோல். பயறளவு.

அதில் தகட்டை வைத்தார். முதலில் கடுகு வெடித்தது. பிறகு சுடலைவடிவின் குரல். அவள் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

“ஏங்க, அந்த டாக்டரம்மா ஒங்கள நெலையத்துலயே வச்சுக்கிடுதோம்னு கேக்காவ. குடுத்துரட்டுமா? இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிருங்க. நீங்க இல்லாம என்னாலயும் இருக்க முடியாது.”

அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. நான் தலையாட்டியது அங்கேதான்.

டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வேறு பக்கம் பார்த்தது.

வாசலில் சுடலைவடிவு வந்து நின்றாள். தலையில் டிரங்குப் பெட்டி. அடுக்கியது என் துணி. நான் எழுந்து அவள் எதிரே போய் நின்றேன். எனக்கு இதில் சம்மதமில்லை, உன்னை விட்டு எங்கேயும் இருக்கமாட்டேன், வா வீட்டுக்குப் போகலாம் என்று தெளிவாகச் சொன்னேன்.

கேட்டுவிட்டு அவள் தலையாட்டினாள். பெட்டியை இறக்கி நிலையத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

அந்தத் தலையாட்டலை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

டாக்டரும் கவனித்துவிட்டார். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுடைய முழங்கையைத் துடைக்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து இரண்டு பேரும் அங்கேயே இருக்கிறோம். அவள் இப்போதுதான் கல்யாணப் பந்தியில் இருக்கிறாள்.

எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்தது அதற்கு மறு வருடம்.