நாலு பேர் ரூமில் கொரியா நாடகம்

கொரியாக்கார மாமியார் மருமகள் கையில் ஒரு துணி மூட்டையைக் கொடுத்தாள் என்று நான் சொல்லி நிறுத்தியபோது, ஏழாம் நம்பர் ரூமில் ஆறு பேர் உட்கார்ந்து சரவெடி பின்னிக்கொண்டிருந்தோம். நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று வாசல் சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. எங்கள் பட்டாசுக் கம்பெனியில் எல்லா ரூமுக்கும் அதே சட்டம்தான். கூடுதலாக இருந்த ரெண்டு பேர் பதினொன்றாம் நம்பர்காரிகள், ராமுத்தாயக்காவும் சின்னத்தாயும். என் கதைக்காகத் தினமும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பின்னுகிற சரத்துக்குத்தானே கூலி, எங்கே உட்கார்ந்து பின்னினால் என்ன. போர்மேன் வெள்ளைத்துரை அண்ணாச்சியும் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார். சில நாள் வாசலோரம் நின்று, “நேத்து அந்தப் பய வந்தானா இல்லையா?” என்று கேட்டுவிட்டும் போவார்.

கவர்மெண்டு இலவச டிவி எங்கள் தெருவுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. டெல்லி சேனலில் சாயங்காலம் இந்த நாடகம் வரும். நடிக்கிறவர்கள் கொரியாக்காரர்கள், பேசுவது இந்தி. வாய் மூடிய பிறகும் சத்தம் வந்துகொண்டிருக்கும். எனக்கு அந்தப் பாஷையும் தெரியாது, இந்தப் பாஷையும் தெரியாது. ஆனாலும் முகத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துவிடுவேன். முதல் வாரம் எல்லாருக்கும் ஒரே மூஞ்சியாகத் தெரிந்தது, சட்டைக் கலரை வைத்துத்தான் ஆளை அடையாளம் வைத்தேன். ரெண்டாவது வாரத்தில் யார் நல்லவள், யார் கேடுகெட்டவள் என்று நடையிலேயே சொல்லிவிடுவேன்.

நம்ம ஊர் சீரியல் எனக்கு ஆகாது. தூங்கப் போகும்போதும் பட்டுச்சேலை, எழுந்திரிக்கும்போது தலை கலையாமல் பூ. ஒருத்தி கதவைத் திறக்கவே ஒரு வாரம் ஆகும். கொரியாக்காரி அழுதால் மூக்கு சிவந்து, சளி ஒழுகத்தான் அழுவாள். சண்டை என்றாலும் முதலில் தரையில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பிடுவார்கள், அப்புறம்தான் திட்டு. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவான், எம்புட்டுப் பணக்காரனாக இருந்தாலும். ஆம்பளை வெட்கப்படாமல் அழுவான். ரெண்டு மாசத்தில் கதையை முடித்து மங்களம் பாடிவிடுவான். இதைவிட நாடகத்துக்கு வேறென்ன வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை ஒரு சீனாக்காரன் நாடகம் போட்டான், ஆள் ஆளாக ஓட்டுக்கூரை மேலே பறந்தார்கள். பறக்கத் தெரிந்தவனுக்கு என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்று அணைத்துவிட்டேன்.

இப்படி நான் அடித்துச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். ராமுத்தாயக்கா மட்டும் பேசுவாள். அவளும் அதே நாடகத்தைப் பக்கத்துத் தெருவில் பார்க்கிறவள். பிறகு எதற்கு என்னிடம் கேட்க வருகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் எரியும். குறுக்கே விழுவதற்கென்றே வருகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

“மூட்டையக் குடுத்து, இனி இந்த வாசப்படி மிதிக்காதன்னு விரட்டிட்டா,” என்றேன்.

“ஏ மாரி, விரட்டல,” என்றாள் ராமுத்தாயக்கா, திரியிலிருந்து கண்ணை எடுக்காமல். “கடன்காரனுவ வாரதுக்குள்ள தப்பிச்சுப் போன்னு அனுப்புதா. மூட்டையில அவ நகைதான் இருக்கும். முடிச்சுப் போடும்போது அவ கை நடுங்குச்சே, நீ பாக்கலயா?”

நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அடுப்பில் பால் பொங்கியது, எழுந்து போயிருந்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். ரூமில் இருந்த நாலு பேரும் அவள் பக்கம் திரும்பி, “அப்படியா யக்கா, பெறகு?” என்று கேட்டார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“ஒனக்கு அம்புட்டுத் தெரிஞ்சா ஓன் ரூம்ல உக்காந்து நீயே சொல்லு. இங்கன நாலு பேருக்குத்தான் எடம். செவுத்துல எழுதிருக்குல்ல.”

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பின்னிய சரத்தைச் சுருட்டித் தட்டில் வைத்து, இடுப்பில் ஏந்திக்கொண்டு எழுந்தாள். “சின்னத்தாயி, நீ வாரியா?” என்றாள். சின்னத்தாய் கையில் பாதிச் சரம் இருந்தது, முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். ராமுத்தாயக்கா தனியாகப் போனாள். எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. கதையைத் தொடர்ந்து சொன்னேன்.

சின்னத்தாய் அந்தச் சரத்தை முடிப்பதற்குள் வெடித்தது. பத்தாம் நம்பர், வெடிக்குள் மருந்து செலுத்துகிற ரூம். சத்தம் காதில் விழும் முன் தரை தூக்கிப் போட்டது. எந்த வாசலில் வெளியே வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட் பக்கம் கொஞ்சம் பேர் ஓடினோம், மற்றவர்கள் பின்வேலியைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் ஓடினார்கள். ஆடிக்காற்றில் புகை எங்கள் மேலேயே வந்து கவிந்தது. பத்தாம் நம்பர் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பதினொன்றின் கூரை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. பன்னிரண்டின் வாசலில் தீ நக்க ஆரம்பித்திருந்தது.

அண்ணாச்சி ரிஜிஸ்டரோடு ஓடி வந்தார்.

“பதினொண்ணுக்காரிக ரெண்டு பேரும் ஒங்கூடத்தான இருந்தாக?”

“ஆமாண்ணாச்சி.”

“சின்னத்தாயி நிக்கா. ராமுத்தாய எங்க?”

“காட்டுப் பக்கம் ஓடிருப்பாக.”

சின்னத்தாய் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன்? ஓடியிருக்கலாம்தானே. கால் உள்ளவள், வாசல் உள்ள ரூம். நிஜத்தைச் சொன்னால், எப்போது போனாள், ஏன் போனாள் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சொன்னேன்.

தீயணைப்பு வண்டி வந்தது. ஆபீசர் இறங்கியதுமே கேட்டார், “உள்ள எங்கயாவது ஆள் இருக்கா?”

“பத்துல ரெண்டு பேரு சார்,” என்றார் அண்ணாச்சி. “பதினொண்ணுல ஆள் கெடையாது. பன்னெண்டுல இன்னைக்கு லோடு ஏத்துற சரக்குப் பூராவும் இருக்கு,” என்றார்.

ஆள் இல்லாத ரூமில் ஆபீசருக்கு என்ன வேலை? ரெண்டு ஹோஸையும் பன்னிரண்டுக்கே திருப்பச் சொன்னார். சரக்குப் பிடித்துக்கொண்டால் கேட்டில் நிற்கிற நாங்களும் மிஞ்ச மாட்டோம். சரியான முடிவுதான். நான் சொன்னது நிஜமாக இருந்திருந்தால்.

அவள் காட்டுக்குள்தான் நிற்கிறாள், மூச்சு வாங்குகிறது, செருப்பு அறுந்திருக்கும், வந்ததும் என்னைத் திட்டுவாள், திட்டட்டும், மூட்டையில் நகைதான் என்று நானே ஒத்துக்கொள்கிறேன். இதையே மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் பத்து நிமிஷம் இருக்கும். பத்து நிமிஷம் என்பது சின்ன நேரம் இல்லை.

பின்பக்கமிருந்து ராக்கப்பண்ணன் ஓடி வந்தார், ராமுத்தாயக்காவின் வீட்டுக்காரர். வெள்ளாடு மேய்க்கிறவர். கால் முழுக்க முள் கிழித்து ரத்தம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“காட்டு வழியாத்தான் வாரேன் தாயி. ஓடியாந்தவுகள்லாம் அங்கன நிக்காக, ஒரு முகம் விடாம பாத்துட்டேன். அவ இல்ல. அப்பத்தான் நெனச்சேன், அவ ஒங்கூட ஏழுலல்லா இருப்பா, கதை கேட்டுக்கிட்டு. எங்க அவ, வண்டிக்கு அந்தப் பக்கம் நிக்காளா?”

“அண்ணே,” என்றேன். “பதினொண்ணுல இருக்கா. நாந்தான் போகச் சொன்னேன்.”

அவருக்குப் புரியவில்லை. அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த ரிஜிஸ்டர் விழ, ஆபீசரைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினார். ஒரு ஹோஸ் பன்னிரண்டை விட்டுப் பதினொன்றுக்குத் திரும்பியது. தீயணைப்புக்காரர்கள் மூன்று பேர் சரிந்த கூரைப் பக்கம் குனிந்து போனார்கள். ராக்கப்பண்ணன் பின்னாலேயே ஓடப் பார்த்தார், ரெண்டு பேர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். கேட்டுக்கு வெளியே ஊரே திரண்டு மார்பில் அடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது.

முதலில் போனவர் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் துண்டைத் தூக்கி எறிந்தார். இன்னொன்றைத் தூக்கினார். பிறகு முட்டி போட்டு, தரையோடு தரையாகக் காதை வைத்துப் படுத்தார். அப்படியே கிடந்தபடி ஒரு கையை உயர்த்தி, எங்களை எல்லாம் பேசாமல் இருக்கச் சொன்னார். ஹோஸை நிறுத்தினார்கள். ஒப்பாரி ஒவ்வொரு குரலாக அடங்கியது, கடைசியாக ராக்கப்பண்ணன் குரலும். சின்னத்தாய் என் கையைப் பிடித்தாள். படுத்திருந்தவரின் கை இன்னும் இறங்கவில்லை.