பட்டியலில் இல்லாத அறை

"ஹெப்சி எங்க?" என்று பியூலா கேட்டபோது ஜெபசிங் இன்னும் ஷூவைக் கழற்றி முடிக்கவில்லை.

"வேன்ல வந்தாளே."

"வேன்லயா? உங்ககூட வர்றான்னுல்ல நெனச்சேன்!"

மெர்சி ஆன்டியின் புது வீட்டில் பிரதிஷ்டை ஜெபம். சபையில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பின்கட்டுப் புல்வெளியில் பிள்ளைகள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜெபசிங் ஒரு காலில் ஷூவோடு வீட்டுக்குள் புகுந்து பின்கட்டுக்கு ஓடினான். எட்டுப் பிள்ளைகள். ஹெப்சி இல்லை.

வேன் ஓட்டி வந்த அருள்ராஜ் அங்கிள் தட்டைக் கீழே வைத்தார். "பாப்பா ஏறிச்சு தம்பி. அப்புறம் அம்மாகூட பிரியாணி கார்ல வர்றேன்னு இறங்கிப் போச்சே."

பியூலா பிரியாணியை ஏற்றிக்கொண்டு அதற்கு முன்பே கிளம்பியிருந்தாள்.

ஜெபசிங் கார் சாவியை எடுத்தான். பியூலாவும் ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

சர்ச் ஹால் முப்பத்தைந்து நிமிட தூரம். சொந்த ஹால் அல்ல. ஒரு அமெரிக்க சபை காலையில் ஆராதித்துவிட்டு, மதியத்துக்குமேல் தமிழர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. முடிந்ததும் செய்ய வேண்டியவை ஒரு தாளில் உண்டு. நாற்காலிகளை வரிசையாக்கு. மேடை விளக்கை அணை. ஏசியை நிறுத்து. பின்கதவு. முன்கதவு. சாவியைக் கதவிலுள்ள துளையில் போட்டுவிட்டுப் போ. மூன்று வருடமாக ஜெபசிங்தான் பூட்டுகிறான். ஒரு நாள்கூட ஒரு வரி தவறியதில்லை. தவறினால் ஹால் போய்விடும் என்று பாஸ்டரிடமே கண்டிப்பாகச் சொல்பவன்.

கைக்குழந்தைக்காரர்கள் உட்காரும் கண்ணாடி அறை ஒன்று பின்னால் இருக்கிறது. அது அந்தத் தாளில் இல்லை. அவன் அங்கே எட்டிப் பார்க்கவில்லை.

"கண்ணாடி ரூம்ல தூங்கிருப்பா," என்றான்.

"ஏசிய நிறுத்திட்டீங்களா?"

அவன் வேகத்தைக் கூட்டினான். வண்டியின் முன்பலகையில் வெளிவெப்பம் நூற்று ஆறு ஃபாரன்ஹீட் என்று காட்டியது. தகரக் கூரை. பூட்டி ஒரு மணி நேரம் ஆகப்போகிறது.

ஹாலின் முன்கதவு வெளியிலிருந்துதான் பூட்டு. உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும். ஐந்து வயதுக் கை தள்ளினால் திறக்குமா? திறந்து வெளியே வந்தால் பின்னால் தானே பூட்டிக்கொள்ளும். எதிரே ஆறு லேன் ரோடு.

உள்ளே இருந்தால் சூடு. வெளியே இருந்தால் ரோடு.

பியூலா அந்த அமெரிக்க சபையின் செயலாளருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. பாஸ்டருக்கு அடித்தாள். அவர் மெர்சி ஆன்டி வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தார்.

"நயன் ஒன் ஒன் கூப்பிடுங்க."

"இரு. இன்னும் இருபது நிமிஷம்."

"இருபது நிமிஷமா?"

"பியூலா, போலீஸ் வந்தா எழுதுவான். கிரீன் கார்டு இன்டர்வியூ அடுத்த மாசம். குழந்தையைத் தனியா விட்டதுன்னு கேஸ் போட்டா..."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "கார்டை வாங்கி யாருக்குக் காட்டப் போறீங்க?"

அவன் ஹைவேயில் ஒரு எக்ஸிட்டைத் தாண்டினான். இன்னொன்றைத் தாண்டினான். அது எண்பது நொடி இருக்கும். அந்த எண்பது நொடியைப் பின்னாளில் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு அவனே கூப்பிட்டான்.

கட்டடத்திலிருந்து கடைசியாக வெளியே வந்தது யார் என்று கேட்டார்கள். நான் என்றான். கட்டடத்தைப் பூட்டியது யார்? நான். சாவி இருக்கிறதா? இல்லை, துளையில் போட்டுவிட்டேன். ஒரு கணம் நிறுத்திவிட்டு, "கதவை உடைத்துவிடுங்கள்," என்றான். உடைக்கலாமா என்று அவர்கள் கேட்கவேயில்லை.

பியூலா கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தாள். "அப்பா. அப்பா. எங்க அப்பா."

வீட்டில் அவள் அப்படி ஜெபிக்கும்போது ஜெபசிங் கேலி செய்வான். "என்ன, உங்கப்பாட்ட கிறிஸ்மஸுக்குப் பட்டாசு கேக்கியா?" சபையில் அவன் ஜெபம் வேறு. பரிசுத்தமும் நீதியுமுள்ள ஆண்டவரே என்று தொடங்கும். ஒரு வார்த்தை பிசகாது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருக்கும் ஒருவர் முன்னால் கைகட்டி நிற்பவனின் ஜெபம் அது.

இப்போது அந்த ஜெபத்தின் முதல் வார்த்தைகூட வரவில்லை. வேகம் தொண்ணூறு மைலைத் தாண்டியது. வேனிலிருந்து இறங்கினாளே என்று ஹெப்சிமேல் கோபப்பட்டுப் பார்த்தான். முடியவில்லை. அவளிடம் கேட்க அவனுக்கு ஒரு கேள்வியும் இல்லை. உயிரோடு இருந்தால் போதும். நெஞ்சுக்குள் ஏதோ கொக்கி போட்டு இழுத்தது, வண்டியைவிட வேகமாக.

என்னைத் தேடியும் ஒருவர் இப்படித்தான் வந்தாரா?

யோசித்து வந்த கேள்வி இல்லை அது. ஒரு லாரியைக் கடக்கும்போது வந்தது. "அப்பா," என்றான் சத்தமாக. பியூலா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

போன் அடித்தது. போலீஸ். கதவுக் கண்ணாடியை உடைத்து உள்ளே போயிருக்கிறார்கள். எல்லா அறையும் பார்த்தாயிற்று.

ஹால் காலி.

பியூலா ஒரு சத்தம் போட்டாள். அழுகை இல்லை, அதற்கு முந்தையது.

"என்ன டிரஸ்னு கேக்காங்க," என்றான்.

"மஞ்சள் ஃபிராக். மஞ்சள்னு சொல்லுங்க. செருப்பு... செருப்பை நான் கார்ல வச்சிருக்கேங்க. கழட்டிக் குடுத்தாளே எங்கிட்ட."

நூற்று ஆறு டிகிரி. தார். வெறுங்கால்.

ஹாலுக்கு இன்னும் நான்கு நிமிடம். சிக்னலில் சிவப்பு விழுந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவன் போனான். அவன் வாழ்நாளில் தாண்டிய முதல் சிவப்பு.

வாசலில் தீயணைப்பு வண்டி நின்றது. கண்ணாடித் துண்டுகள். ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு அதே கையால் பார்க்கிங்கின் கோடியைக் காட்டினார்.

வாடகைக்கு வருகிறவர்கள் வண்டியைக் கடைசி வரிசையில்தான் நிறுத்த வேண்டும். அங்கே புதருக்குப் பின்னால், ஜெபசிங் எப்போதும் கார் நிறுத்தும் இடத்தின் விளிம்புக் கல்லில், ஹெப்சி உட்கார்ந்திருந்தாள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. ஒரு பெண் தீயணைப்பு வீரர் அவள் பாதங்களில் ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம்.

"அவ்வளவு தூரம் நடந்து போய் ஏன் அங்கே உட்கார்ந்தாய் என்று கேட்டேன்," என்றார் அந்தப் பெண். "கார் இங்கேதான் வரும் என்கிறாள்."

ஹெப்சி அவனைப் பார்த்ததும் அழவில்லை. "யூ டர்ண்ட் ஆஃப் த லைட்ஸ், அப்பா," என்றாள்.

"ஆமா பாப்பா."

"இட் வாஸ் டார்க்."

"ஆமா. அப்பாதான் அணைச்சேன்."

அதன் பிறகுதான் அவள் அழுதாள். கையை நீட்டிக்கொண்டு அழுதாள். அவன் முழங்காலில் விழுந்து தூக்கினான். பியூலா இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்த உப்பு முகத்தை எங்கெங்கோ முத்தமிட்டாள்.

போலீஸ்காரர் கொஞ்ச நேரம் தள்ளி நின்றார். பிறகு குறிப்பேட்டோடு வந்தார். குழந்தைகள் நலத்துறையிலிருந்து இந்த வாரம் வீட்டுக்கு ஒருவர் வருவார் என்றார். நடந்ததைச் சொல்லச் சொன்னார்.

"நாங்கள்..." என்று ஜெபசிங் ஆரம்பித்தான். நிறுத்தினான். "நான் பூட்டினேன்," என்றான். முதலிலிருந்து சொன்னான். ஏசியை நிறுத்தியதைச் சொன்னான். எட்டிப் பார்க்காத அறையைச் சொன்னான்.

ஹெப்சி அவன் தோளில் தண்ணீர் பாட்டிலோடு கண்ணயர்ந்தாள். மேற்கு வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. போலீஸ்காரர் எழுதிக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார். ஜெபசிங் பதில் சொல்லியபடியே இரண்டு எட்டு நகர்ந்து, முதுகை வெயிலுக்குக் காட்டித் திரும்பி நின்றான். அவன் நிழல் அவள் முகத்தில் விழுந்தது. அவர் எழுதி முடிக்கும்வரை அவன் அசையவில்லை.